நாலு கிலோமீட்டர் போகவும் பேருந்து வேண்டும்

மயிலாப்பூர் தெப்பக்குளம், தியாகராய நகர் பேருந்து நிலையம், அடையாறு பணிமனை ஆகிய மூன்றையும் கோடு போட்டு இணைத்தால் ஒரு முக்கோணம் கிடைக்கும். அதன் எந்தப் பக்கமும் ஐந்தாறு கிலோமீட்டருக்கு மேல் நீளாது. இந்தப் பகுதியில் வாழ்கிறவர்களின் அன்றாட வேலைகளில் பெரும்பாலானவை இந்த முக்கோணத்துக்குள்ளோ அதை ஒட்டியோ முடிந்துவிடும். பூவுக்கும் காய்கறிக்கும் மாட வீதிகள். துணிக்கும் நகைக்கும் பாத்திரத்துக்கும் உஸ்மான் சாலையும் ரங்கநாதன் தெருவும். நோய் வந்தால் ராயப்பேட்டை அரசு மருத்துவமனையும் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும். படிக்க விவேகானந்தா கல்லூரியும் ராணி மேரி கல்லூரியும். இந்த ஊர்களுக்குப் பேருந்து இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. தெப்பக்குளத்திலிருந்து தி.நகருக்கு 5பி என்ற தடத்தைத் தலைமுறைகள் அறியும். பெரம்பூரிலிருந்து பெசன்ட் நகர் வரும் 29சி-யைத் தெரியாத சென்னைவாசி இருக்க மாட்டார். இருந்தும் லஸ் முனையிலிருந்து பனகல் பூங்காவுக்குப் போக வேண்டியவர் முதலில் ஆட்டோவையோ கைபேசிச் செயலியையோதான் நினைக்கிறார். பேருந்தை நம்பி நேரம் குறித்து வீட்டைவிட்டுக் கிளம்ப முடிவதில்லை. சென்னையின் பேருந்துத் திட்டமிடல் நெடுந்தூரப் பயணியையே கண்முன் வைத்து வளர்ந்திருக்கிறது. நாலு கிலோமீட்டர் போகிறவரும் பயணிதான் என்ற கணக்கு அதில் விடுபட்டுப் போயிற்று. நகரின் மையப் பகுதிக்குள் குறுந்தடச் சிற்றுந்துகளை அடிக்கடி ஓடவிடுவதுதான் அதைச் சரிசெய்யும் வழி என்பது என் வாதம்.

காத்திருப்பின் கணக்கைப் பார்த்தால் இது விளங்கும். நெரிசல் நேரத்தில் பேருந்து மணிக்கு 12 கிலோமீட்டர் நகர்கிறது என்று வைத்துக்கொள்வோம். 25 கிலோமீட்டர் போகிறவருக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆகும். அவர் நிறுத்தத்தில் 20 நிமிடம் நின்றாலும் அது பயண நேரத்தில் ஆறில் ஒரு பங்கைத் தாண்டாது. நாலு கிலோமீட்டர் போகிறவருக்கோ வண்டியில் இருப்பதே 20 நிமிடம்தான். அதே 20 நிமிடம் நின்றால் அவருடைய பயணம் இரட்டிப்பாகிவிடுகிறது. அதனால் குறைந்த தூரம் போகிறவருக்குப் பேருந்தின் வேகத்தைவிட, அடுத்த வண்டி எப்போது வரும் என்பதே பெரிய கேள்வி. நெடுந்தடங்களால் இந்தக் கேள்விக்கு நம்பகமான பதில் சொல்லவே முடியாது. வடசென்னையில் கிளம்பும் வண்டி நுங்கம்பாக்கத்தில் பத்து நிமிடமும் மெட்ரோ பணிகளுக்காகத் திருப்பிவிடப்பட்ட மயிலாப்பூர்ச் சாலைகளில் இன்னொரு பத்து நிமிடமும் இழந்தால், அந்த இழப்பு முழுவதும் அடையாறு நிறுத்தத்தில் நிற்பவர் தலையில் விழுகிறது. தாமதமான வண்டிக்கு ஒவ்வொரு நிறுத்தத்திலும் கூட்டம் கூடும். கூட்டத்தை ஏற்றி இறக்குவதில் அது இன்னும் தாமதமாகும். பின்னால் வரும் வண்டி காலியாக ஓடிவந்து அதை எட்டிப்பிடிக்கும். அரை மணி நேரம் ஒன்றுமே வராமல் பிறகு ஒரே எண்ணில் இரண்டு மூன்று வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வருவதற்கு ஓட்டுநரையோ நடத்துநரையோ குறை சொல்லிப் பயனில்லை. தடம் நீளமாக இருந்து சாலையும் நெரிசலாக இருந்தால் இது நடந்தே தீரும். 2022 மே மாதம் வந்த ‘சென்னை பஸ்’ செயலி வண்டி எங்கே வருகிறது என்று காட்டுகிறது. அது நல்ல உதவி. ஆனால் வராத வண்டியை வரவைக்கச் செயலியால் ஆகாது.

அடுத்தது தெருக்களின் அமைப்பு. தியாகராய நகர் 1920-களில் நீதிக்கட்சி ஆட்சியின்போது மாம்பலம் ஏரியைத் தூர்த்து உருவான குடியிருப்பு. பனகல் பூங்காவை நடுவில் வைத்து அதிலிருந்து சாலைகள் பிரியும்படி வகுத்தார்கள். வீட்டு வாசலில் இறங்கி ஐந்து நிமிடம் நடந்தால் பெரிய சாலையை அடையலாம் என்பதுபோன்ற அமைப்பு அது. இன்றைக்குப்போலத் தமிழ்நாடு முழுவதிலிருந்தும் வாங்குவோர் வந்து குவியும் சந்தையாக அதை யாரும் எண்ணிப் பார்த்திருக்க முடியாது. அடையாற்றின் தென்கரையில் காந்தி நகர், கஸ்தூர்பா நகர், இந்திரா நகர், சாஸ்திரி நகர், பெசன்ட் நகர் என்று அடுத்தடுத்து எழுந்த குடியிருப்புகள் உட்தெருக்கள் நிறைந்தவை; பேருந்தோ லாட்டிஸ் பாலம் சாலை, சர்தார் பட்டேல் சாலை போன்ற பெரிய சாலைகளோடு பெரும்பாலும் நின்றுவிடுகிறது. மயிலாப்பூர் இவற்றையெல்லாம்விடப் பழையது. கோயிலைச் சுற்றிய தெருக்களுக்கும் கடற்கரைக் குப்பங்களுக்கும் நடுவில் பக்கிங்காம் கால்வாய் குறுக்கே ஓடுகிறது. ஆற்றைக் கடக்கத் திரு.வி.க. பாலம், கோட்டூர்புரம் பாலம், சைதாப்பேட்டை மறைமலையடிகள் பாலம் என்று சில வாசல்களே உண்டு. எல்லா நெடுந்தடங்களும் அந்த வாசல்களில் போய்க் குவிகின்றன. தடங்களை வரைபடத்தில் பார்த்தால் பகுதி முழுவதும் கோடுகளால் நிறைந்ததுபோல் தோன்றும். உண்மையில் அவை பத்துப் பன்னிரண்டு பெரிய சாலைகளின் மீது ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த கோடுகள். அவற்றுக்கு இடைப்பட்ட இடமெல்லாம் வெறுமையாகவே கிடக்கிறது.

இந்த வெறுமையின் விலையை எல்லோரும் ஒரே அளவில் கொடுப்பதில்லை. ஸ்கூட்டர் ஓட்டத் தெரிந்த இளைஞருக்கு இது பெரிய குறையாகத் தோன்றாது. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, கஸ்தூர்பா நகரிலோ மந்தைவெளியிலோ தனியாக இருக்கும் முதியவர்களுக்கு அரை கிலோமீட்டர் நடந்து பெரிய சாலையை அடைவதே ஒரு பயணம். உடைந்த நடைபாதை, அதில் நிறுத்திய இருசக்கர வாகனம், உயரப் படிக்கட்டு கொண்ட வண்டி என்று ஒவ்வொன்றும் அவர்களை வீட்டுக்குள் தள்ளுகிறது. வீட்டு வேலை செய்யும் பெண்களின் நிலை இன்னும் கடினம். மயிலாப்பூர், அடையாறு கரையோரங்களில் இருந்த குடும்பங்களில் பல கண்ணகி நகரிலும் செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் குடியமர்த்தப்பட்டன. வேலை மட்டும் பழைய இடத்திலேயே இருக்கிறது. அங்கிருந்து நெடுந்தடத்தில் வந்து இறங்கும் பெண், பிறகு இரண்டு மூன்று வீடுகளுக்கு இடையில் போய்வர வேண்டும். 2021 மே மாதம் தொடங்கி, பின்னர் ‘விடியல் பயணம்’ என்று பெயர் பெற்ற கட்டணமில்லாப் பயணம் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குச் செலவை ஒழித்தது. சராசரியாக ஒரு பெண் மாதம் 888 ரூபாய் சேமிக்கிறார் என்று மாநிலத் திட்டக்குழுவின் ஆய்வு சொன்னது. தமிழ்நாட்டின் மிக நல்ல திட்டங்களில் இது ஒன்று என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் கட்டணம் இல்லை என்ற உரிமை, வண்டி வரும் இடத்தில்தான் உயிர்பெறும். பேருந்து நுழையாத தெருவில் அதே பெண் ஷேர் ஆட்டோவுக்குக் காசு கொடுக்கிறார், இல்லையென்றால் நடக்கிறார்.

சிற்றுந்து சென்னைக்குப் புதிது அன்று. பெரிய பேருந்து போகமுடியாத குறுகிய தெருக்களுக்காக 2013 அக்டோபரில் ஜெயலலிதா அரசு சிற்றுந்துகளை அறிமுகம் செய்தது. போரூர், ராமாபுரம், மடிப்பாக்கம், மாதவரம் போன்ற வளரும் புறநகர்ப் பகுதிகளைத் தொடர்வண்டி நிலையங்களோடும் பெரிய சாலைகளோடும் அவை இணைத்தன. பிறகு சில தடங்கள் மெட்ரோ நிலையங்களுக்கும் திருப்பிவிடப்பட்டன. மக்கள் அவற்றை விரும்பினார்கள். ஆனால் முயற்சி இரண்டு வகையில் குறைப்பட்டது. வண்டிகளின் எண்ணிக்கை தொடக்க வேகத்தோடு நின்றது; நகரம் விரிந்த அளவுக்கு அது விரியவில்லை. மற்றொன்று, சிற்றுந்து என்றாலே பேருந்து எட்டாத ஓரப் பகுதிக்கானது என்ற எண்ணம் நிலைத்துவிட்டது. 1997-இல் கலைஞர் ஆட்சியில் வந்த மினி பேருந்துத் திட்டமும், 2025 ஜூனில் தொடங்கிய புதிய விரிவான மினி பேருந்துத் திட்டமும் பேருந்து வசதி இல்லாத இடங்களையே குறியாகக் கொண்டவை. அவற்றின் நோக்கம் அது, அதில் தவறில்லை. மையச் சென்னைக்கு வசதி ஏற்கெனவே இருக்கிறது என்ற முடிவுதான் தவறு. தில்லி இப்போது வேறு விதமாக யோசிக்கிறது. அங்கே முந்தைய ஆட்சி ‘மொஹல்லா பஸ்’ என்று தொடங்கிய திட்டத்தை, ஆட்சி மாறிய பிறகும் கைவிடாமல், 2025 மே மாதம் ‘தேவி’ என்ற பெயரில் 9 மீட்டர் நீள மின்பேருந்துகளாகத் தெருவில் இறக்கினார்கள். ஹாங்காங்கில் குறிப்பிட்ட தடத்தில், குறிப்பிட்ட கட்டணத்தில் ஓடும் பச்சை மினி பேருந்துகள் பல பத்தாண்டுகளாக மலைச்சரிவுகளிலும் குறுந்தெருக்களிலும் ஓடுகின்றன. அவற்றின் இருக்கைகளை 2017-இல் 16-இலிருந்து 19 ஆக உயர்த்தினார்கள். அந்த நகரத்தில் மெட்ரோ இல்லையா என்றால், உலகின் மிகச் சிறந்த மெட்ரோக்களில் ஒன்று அங்கேதான் இருக்கிறது.

இந்த யோசனைக்கு முதலில் எழும் மறுப்பு, தெருக்கள் குறுகல், பேருந்து நுழைந்தால் நெரிசல் கூடும் என்பது. தெருவின் அகலத்தில் எவ்வளவு போக்குவரத்துக்கு மிஞ்சுகிறது என்று பார்த்தால் இந்த மறுப்பின் பலம் குறைந்துவிடும். மயிலாப்பூரிலும் தி.நகரிலும் பல தெருக்களில் இரு ஓரத்திலும் கார்கள் நாள் முழுக்க நிற்கின்றன. ஒரு கார் பிடிக்கும் இடம் பொதுச்சொத்து. அதற்குப் பல தெருக்களில் வாடகையே இல்லை. பேருந்து போகும் ஒரு தெருவில், ஒரு பக்கம் மட்டும் வாகனம் நிறுத்தக் கூடாது என்று விதித்து அதை உண்மையாக நடைமுறைப்படுத்தினால், 9 மீட்டர் வண்டி போக இடம் கிடைத்துவிடும். மக்களை நகர்த்துவதே முக்கியம், வாகனங்களை அன்று என்று 2006-ஆம் ஆண்டின் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை சொல்கிறது. சென்னை மாநகராட்சி 2014-இல் நடப்போருக்கும் மிதிவண்டிக்கும் முன்னுரிமை தரும் கொள்கையையே தனியாக ஏற்றுக்கொண்டது. 2019-இல் பாண்டி பஜாரில் சாலையைக் குறுக்கி நடைபாதையை அகலப்படுத்தியபோது வியாபாரம் படுத்துவிடும் என்ற அச்சம் பலருக்கு இருந்தது. இன்று அந்த நடைபாதையில் மாலை நேரங்களில் கூட்டம் நிரம்பி வழிகிறது; கடைகளும் இருக்கின்றன. சாலையின் இடத்தைப் பங்கிடுவதில் துணிவாக ஒரு முடிவு எடுத்தால் நகரம் அதை ஏற்றுக்கொள்ளும் என்பதற்கு இங்கேயே சான்று இருக்கிறது. மிகக் குறுகிய தெருக்களில் பேருந்து வேண்டாம்தான். ஆனால் அபிராமபுரத்திலோ சாஸ்திரி நகரிலோ பேருந்து போக ஒரு தெருகூட இல்லை என்பதை ஏற்க முடியாது.

ஷேர் ஆட்டோ இருக்கும்போது சிற்றுந்து எதற்கு என்பது அடுத்த கேள்வி. ஷேர் ஆட்டோக்கள் இந்த நகரத்துக்குப் பெரிய உதவி செய்திருக்கின்றன. அவற்றை ஓட்டுகிறவர்களின் பிழைப்பையும் மறக்கக் கூடாது. குறைந்த தூரத்துக்குத் தொடர்ந்து வண்டி வேண்டும், அதற்குக் காசு கொடுக்கவும் மக்கள் தயார் என்பதை அவைதான் நிரூபித்திருக்கின்றன. ஆனால் ஆள் நிரம்பினால்தான் அவை கிளம்பும். மதியத்திலும் இரவிலும் ஆள் குறைந்தால் வண்டியும் குறையும். மாணவர் பாஸ் அங்கே செல்லாது. பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அரசு தரும் சலுகை எதுவும் செல்லாது. சக்கர நாற்காலியோடு ஒருவர் அதில் ஏறவே முடியாது. தனி ஆட்டோ என்றாலோ, 2013-இல் அரசு நிர்ணயித்த கட்டணப்படியே முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாயும் அதன்பின் கிலோமீட்டருக்கு 12 ரூபாயும் ஆகும். அதாவது நாலு கிலோமீட்டருக்கு 50 ரூபாய்க்கு மேல். தெருவில் கேட்கப்படும் தொகை அதைவிடக் கூடுதல் என்பது எல்லோருக்கும் தெரியும். சாதாரணக் கட்டணப் பேருந்தில் 5 ரூபாயிலிருந்து கட்டணம் தொடங்குகிறது. ஒருவருடைய மாதச் சம்பளத்தில் இந்த வித்தியாசம் எவ்வளவு என்பதைச் சம்பளம் குறைந்தவர்களே சரியாகச் சொல்வார்கள்.

மெட்ரோ வருகிறதே என்பது மூன்றாவது மறுப்பு. மூன்றிலும் வலுவானது இதுதான். இரண்டாம் கட்டத்தில் மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் போகும் வழித்தடம் திருமயிலை, மந்தைவெளி, அடையாறு, திருவான்மியூர் வழியாகப் போகிறது. கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி போகும் வழித்தடம் திருமயிலை, ஆழ்வார்பேட்டை, நந்தனம், பனகல் பூங்கா வழியாகப் போகிறது. முக்கோணத்தின் இரண்டு பக்கங்களை மெட்ரோ இணைத்துவிடும் என்பது உண்மை. அதை வரவேற்கிறேன். ஆனால் நிலையத்துக்கு எப்படிப் போவது? இந்தக் கேள்விக்குப் பதில் தேடாமல் ரயில் விட்டால் என்ன ஆகும் என்பதை இதே மயிலாப்பூர் முன்பே பார்த்திருக்கிறது. பறக்கும் ரயில் 1995-இல் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை ஓடத் தொடங்கியது. 1997-இல் திருமயிலைக்கு வந்தது. 2007-இல் வேளச்சேரியை அடைந்தது. மந்தைவெளி, கஸ்தூர்பா நகர், இந்திரா நகர் என்று குடியிருப்புகளின் நடுவிலேயே பிரம்மாண்டமான நிலையங்கள் எழுந்தன. கட்டணமோ மிகக் குறைவு. அப்படியிருந்தும் அந்த நிலையங்களின் விரிந்த தளங்கள் ஆண்டுக்கணக்கில் ஆளில்லாமல் கிடந்தன. நிலைய வாசலுக்கு வந்து நிற்கும் பேருந்து இல்லை. வாசலிலிருந்து தெருவுக்கு வெளிச்சமான நடைபாதை இல்லை. பெரும் பணம் போட்டுக் கட்டிய ரயிலைச் சிறிய இணைப்பு இல்லாமல் பாதிப் பயனோடு விட்டோம். அந்த ரயிலை மெட்ரோவோடு சேர்க்கும் முயற்சி நடக்கும் இந்த நேரத்தில் அதே பிழையை இன்னும் ஆழமான, இன்னும் செலவு மிகுந்த நிலையங்களில் திரும்பச் செய்ய நமக்கு உரிமையில்லை. தி.நகரிலிருந்து அடையாறுக்கு மெட்ரோவின் நேர்வழி கிடையாது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கடைசியாகப் பணம். சிற்றுந்தில் குறைந்த ஆட்களே ஏறுவார்கள். ஓட்டுநர், நடத்துநர் சம்பளம் பெரிய பேருந்துக்கு ஆவதுதான். ஆகவே நட்டம் என்று சொல்வார்கள். ஒரு டிரிப்பில் எத்தனை பேர் என்று மட்டும் பார்த்தால் இது சரி. ஒரு ஷிப்டில் எத்தனை டிரிப் என்று பார்த்தால் கணக்கு மாறும். ஐந்து கிலோமீட்டர் தடத்தில் இருக்கைகள் பலமுறை நிரம்பிக் காலியாகும். 25 கிலோமீட்டர் தடத்தில் ஏறியவர் நெடுநேரம் அதே இருக்கையில் இருப்பார். 2025 ஜூன் இறுதியில் வியாசர்பாடியிலும் அதன்பின் பெரும்பாக்கத்திலும் தொடங்கிய தாழ்தள மின்பேருந்துகள் ஒப்பந்த முறையில் ஓடுகின்றன. ஒப்பந்ததாரருக்கு ஓடும் கிலோமீட்டருக்குப் பணம் தரப்படுகிறது. இதில் ஒன்றை இப்போதே கவனிக்க வேண்டும். குறுந்தெருவில் மெதுவாக ஓடும் வண்டி நாள் முடிவில் குறைந்த கிலோமீட்டரே சேர்க்கும். கிலோமீட்டரை மட்டும் அளவுகோலாக வைத்தால் குறுந்தடத்தை யாரும் விரும்பி எடுக்க மாட்டார்கள். சிற்றுந்துக்குச் சேவை நேரத்துக்கும், குறித்த இடைவெளி தவறாமல் ஓடியதற்கும் பணம் தரும் வகையில் ஒப்பந்தம் எழுதப்பட வேண்டும். தி.நகரில் உஸ்மான் சாலையையும் சி.ஐ.டி. நகரையும் இணைக்கும் 1.2 கிலோமீட்டர் இரும்பு மேம்பாலத்துக்கு ஏறக்குறைய 165 கோடி ரூபாய் செலவிட்டோம். அதில் வருமானம் எவ்வளவு என்று யாரும் கேட்கவில்லை, கேட்கவும் வேண்டியதில்லை. 2023-இல் மாம்பலம் ரயில் நிலையத்தையும் தி.நகர் பேருந்து நிலையத்தையும் 570 மீட்டர் ஆகாய நடைபாதையால் இணைத்தபோதும் கேட்கவில்லை. அந்த நடைபாதை சரியான சிந்தனை; ரயிலில் வந்தவர் பேருந்துக்குப் போகவேண்டும் என்பதை அது புரிந்துகொண்டது. அந்தப் புரிதலைத் தரையில் ஓடும் வண்டிக்கும் நீட்டிக்கக் கேட்கிறேன். வண்டிகளின் எண்ணிக்கையிலும் நாம் பின்தங்கியே இருக்கிறோம். ஒரு லட்சம் பேருக்கு 60 பேருந்து என்பது மத்திய நகர்ப்புற அமைச்சகம் வகுத்த நல்ல சேவையின் அளவு. மாநகர் போக்குவரத்துக் கழகத்திடம் இருப்பவை மூவாயிரத்துச் சொச்சம் பேருந்துகள். 2011 கணக்கெடுப்பில் சென்னைப் பெருநகர மக்கள்தொகையே 86 லட்சத்தைத் தாண்டியிருந்தது. வாங்கவேண்டிய வண்டிகளில் ஒரு பகுதி சிறியதாக இருக்கட்டும்.

எங்கே தொடங்குவது என்பதற்குப் புதிய ஆய்வுகளுக்காகக் காத்திருக்க வேண்டாம். தெப்பக்குளத்தில் தொடங்கி மந்தைவெளி, ராஜா அண்ணாமலைபுரம் உட்தெருக்கள், திரு.வி.க. பாலம், காந்தி நகர், கஸ்தூர்பா நகர் நிலையம் வழியாக அடையாறு பணிமனைக்கு ஒன்று; லஸ், ஆழ்வார்பேட்டை வழியாகப் பனகல் பூங்காவுக்கும் மாம்பலம் ரயில் நிலையத்துக்கும் ஒன்று; தி.நகரிலிருந்து நந்தனம், கோட்டூர்புரம் வழியாக அடையாறுக்கும் பெசன்ட் நகருக்கும் ஒன்று. காலை ஆறு மணி முதல் இரவு பத்து மணி வரை எட்டு நிமிடத்துக்கு ஒரு வண்டி, தாழ்தளம், சாதாரணக் கட்டணம். கால அட்டவணை பார்க்காமல் நிறுத்தத்துக்கு வரலாம் என்ற நம்பிக்கை எட்டு நிமிட இடைவெளியில்தான் பிறக்கும். இருபது நிமிட இடைவெளியில் ஓரிரு வண்டிகளைப் பெயருக்கு விட்டுப் பார்த்து, மக்கள் ஏறவில்லை என்று முடிவுகட்டினால் அது சோதனையே ஆகாது. ஓராண்டாவது ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். பேருந்துக்கும் ரயிலுக்கும் மெட்ரோவுக்கும் ஒரே க்யூஆர் சீட்டு தரும் ‘சென்னை ஒன்று’ செயலியைச் சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம் 2025 செப்டம்பரில் கொண்டுவந்துவிட்டது. சீட்டு ஒன்றானது, இனித் தடங்களையும் நேரங்களையும் ஒன்றாக்கும் பொறுப்பும் அந்தக் குழுமத்துக்கே உரியது. மெட்ரோவும் பேருந்தும் பறக்கும் ரயிலும் மூன்று அமைப்புகளின் கையில் இருக்கும்வரை, சிற்றுந்துத் தடம் வரைய வேறு யாருக்கும் முழுப் படமும் தெரியாது. மந்தைவெளிப் பேருந்து முனையத்தை வணிக வளாகத்தோடு சேர்த்துப் புதிதாகக் கட்டும் திட்டம் செயலுக்கு வந்திருக்கிறது. அந்தக் கட்டடத்தின் தரைத்தளத்தில் சிற்றுந்து நின்று திரும்ப எத்தனை இடம், அவற்றுக்கு மின்னேற்றும் வசதி உண்டா, மெட்ரோ வாசலிலிருந்து அங்கே நனையாமல் நடந்துவர வழி உண்டா என்பதை, கடைகளுக்கான இடத்தை ஏலம்விடும் முன்பே மாநகர் போக்குவரத்துக் கழகமும் மெட்ரோ நிறுவனமும் வரைபடத்தோடு மக்கள்முன் வைக்க வேண்டும்.